கொத்தடிமை மீட்பு: தகவல் எந்த வழியாகப் போகிறது?

2019 ஜூலையில் நம்ம காஞ்சிபுரம் மாவட்டம் கோனேரிக்குப்பத்திலும், அப்போதைய வேலூர் மாவட்டம் பருவமேட்டிலும் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டார்கள். இருளர் குடும்பங்கள், குழந்தைகள் உட்பட. இரண்டு மாவட்ட அதிகாரிகளும் ஒரே நாளில் போனார்கள். ஓரிடத்தில் மட்டும் சோதனை என்றால், இன்னோர் இடத்துக்கு ஒரு போன் போதும், ஆட்களை மறைத்துவிடலாம்.

இந்த மாதிரி மீட்பில் நாலு கண்ணி இருக்கு: நேரில் பார்க்கிறவர், அதை மனுவாக்கும் சட்டத் தன்னார்வலர் அல்லது வக்கீல், விசாரித்து விடுதலைச் சான்றிதழ் தரும் வருவாய்த்துறை, கடைசியாக மறுவாழ்வு. அந்தச் சான்றிதழ்தான் சாவி. அது இருந்தால் பழைய கடன் செல்லாது என்று காட்டலாம், உடனடி உதவித்தொகையும் கேட்கலாம்.

சட்டம் தொழிலாளி பக்கம்தான் நிற்கிறது. 1976 கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 15-ஆம் பிரிவுப்படி, 'இது கொத்தடிமைக் கடன் இல்லை' என்று நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர். 1983 டிசம்பரில் தீர்ப்பான பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கே உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு கடிதத்தில் தொடங்கியதுதான். இன்றைக்கு சட்டப்பணிகள் ஆணையத்தின் 15100 எண் இருக்கு. பொதுச்சேவை மையங்கள் வழியாக வக்கீலோடு பேச 2017-லிருந்து டெலி-லா திட்டம் இருக்கு.

அப்புறம் எங்கே அறுகிறது? முதல் கண்ணியில். உள்ளே இருப்பவர் பலர் தன்னைக் கொத்தடிமை என்று நினைப்பதில்லை. 'கடன் வாங்கினேன், உழைச்சுக் கழிக்கிறேன்' என்பார். அவர் 15100-ஐ அழைக்க மாட்டார். அதனால்தான் ஏற்கெனவே மீட்கப்பட்டவர்கள் இந்த வலையமைப்பில் முக்கியம். வடமாவட்டங்களில் அவர்கள் சங்கமாகவே இயங்குகிறார்கள். அந்த வாழ்க்கையைத் தாண்டி வந்தவருக்கு அடையாளம் சட்டென்று புரியும்.

நாமும் அந்த முதல் கண்ணியாக இருக்கலாம். செங்கல் சூளை, அரிசி ஆலை, மரம் வெட்டுமிடம் என்று எங்கே பேச்சுக் கொடுத்தாலும் மூணு கேள்வி போதும். முன்பணம் வாங்கினீங்களா? கூலி எவ்வளவு கைக்கு வருது? வேற வேலைக்கு, ஊர் திருவிழாவுக்குப் போக விடறாங்களா?

பதில் உறுத்தினால் 15100-க்கோ ஆட்சியர் அலுவலகத்துக்கோ சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவில் மட்டும் இடத்தைப் போட்டுவிடாதீர்கள். அது அதிகாரிக்குப் போவதற்கு முன்னால் முதலாளிக்குப் போய்விடும்.