துன்பத்தில் கும்பிடுவது



வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து பிரசாதம் வாங்கி நிற்கும்போது பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "டொக்டர், கும்பிட்டால் வருத்தம் மாறுமோ?" மருந்தையும் ஒழுங்காக எடுங்கள், கும்பிடுவதையும் ஒழுங்காகக் கும்பிடுங்கள் என்று சொல்லித் தப்பிவிடுவது என் வழக்கம். இம்முறை ஆசிரியர் அதையே கட்டுரையாகக் கேட்டுவிட்டமையால் தப்ப வழியில்லை.

நாவுக்கரசு சுவாமிகளின் சூலை நோயை நாம் எல்லோரும் அறிவோம். அது குடற்புண்ணா, பித்தக்கல்லா என்று மருத்துவ மாணவர்களாக இருந்த காலத்தில் நாங்கள் விடிய விடிய வாதிட்டதுண்டு. சேக்கிழார் சுவாமிகள் அந்த வேதனையைச் சொல்லியிருக்கும் விதத்தைப் படித்தால் எந்த வைத்தியனும் நோயாளியின் கட்டிலருகே நிற்பதுபோல் உணர்வான். ஆனால் வயது ஏற ஏற என் மனத்தைப் பிடித்தது வேறொன்று. மடத்தில் செய்த வைத்தியமெல்லாம் பலிக்காதபோது தருமசேனராக இருந்த அவர் முதலில் நினைத்தது தமக்கையாரை. ஆள் அனுப்பினார், தமக்கையார் அங்கு வர மறுக்கவே, இரவோடிரவாகத் தாமே திருவதிகைக்குச் சென்று அவர் காலில் விழுந்தார். திலகவதியார் திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். பதிகம் அதன் பின்னரே பிறந்தது.

இதை நான் புத்தகத்தில் மாத்திரம் அறிந்தவனல்லன். 2003ஆம் ஆண்டு மாரிகாலத்தில் எமக்கு இரட்டைக் குழந்தைகள் 26 வாரத்தில் பிறந்தன. அந்தப் பருவத்தில் சுவாசப்பைகள் விரிந்து நிற்பதற்குத் தேவையான பசை போதியளவு ஊறியிராது. குழாய் வழியாக அதை உள்ளே செலுத்தி, இயந்திரத்தால் மூச்சுக் கொடுப்பார்கள். தகப்பனாக மட்டும் இருந்திருந்தால் நம்பிக்கையோடு இருந்திருப்பேன். வைத்தியனாகவும் இருந்தபடியால் இயந்திரத்தில் தெரியும் ஒவ்வோர் இலக்கத்தின் பொருளும் எனக்கு விளங்கியது. அதனால் கைகூப்பவும் வாய் வரவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா தொலைபேசியில் பேசினார். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்களெல்லாம் ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடந்தபோது, மழையில் என் கையைப் பிடித்தபடி வாய்க்குள் தேவாரம் சொல்லிக்கொண்டே வந்தவர் அவர். "தம்பி, உனக்கு வராவிட்டால் நான் சொல்லுறன், நீ கேட்டுக்கொண்டு நில்" என்றார். தொலைபேசியைக் காதில் வைத்தபடி வைத்தியசாலை நடைவழியில் நின்றேன். மூன்றாம் நாள் நானும் கூடச் சொன்னேன். இரு பிள்ளைகளுக்கும் ஒரே பதிகம், ஒரே திருநீறு.

ஒன்பதாம் நாள் மகள் இறந்துவிட்டாள். மகன் பிழைத்தான்.

"கும்பிட்டபடியால் மகன் தப்பினான்" என்று அன்பர்கள் ஆறுதல் சொன்னார்கள். அவர்களைக் குறை கூறவில்லை. ஆயினும் மகளுக்கு நான் குறைவாகவா கும்பிட்டேன்? பல மாதங்கள் இறைவனோடு கோபமாக இருந்தேன். அப்போது துணைக்கு வந்தவர் சுந்தரமூர்த்தி சுவாமிகள். கண்ணிழந்து வழிதடுமாறி நடந்தவர் எம்பெருமானை ஏசிக்கொண்டுதான் பாடினார். இடக்கண் காஞ்சியிலும் வலக்கண் திருவாரூரிலும் கிடைத்தன. இடையிலிருந்த தூரமெல்லாம் அவர் ஒரு கண்ணோடுதான் நடந்தார். கோபத்தோடு கும்பிடலாம் என்பதை அவரிடம் கற்றேன். வியாபாரமாகக் கும்பிட்டிருந்தால் அன்றே கணக்கை மூடியிருப்பேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கந்தசஷ்டி ஆறு நாளும் உபவாசம் இருந்து, இன்சுலினைத் தம் பாட்டில் கூட்டிக் குறைத்து, ஏழாம் நாள் அவசரசிகிச்சைப் பிரிவுக்கு வருபவர்கள் நம்மிடையே உண்டு. முருகப்பெருமான் அதைக் கேட்டதாக எந்தப் புராணத்திலும் நான் படித்ததில்லை. விரதத்துக்கு இரண்டு வாரம் முன்னரே உங்கள் வைத்தியரிடம் பேசுங்கள்.

நமது அங்கத்தவர் எவரேனும் வைத்தியசாலையில் இருந்தால் காரியதரிசிக்கு அறிவியுங்கள். யாராவது ஒருவர் போய்ப் பக்கத்திலிருந்து ஒரு தேவாரம் சொல்லிவிட்டு வரலாம். பண் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. திருநீறு பூசுவதற்குத் தாதிமாரிடம் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். கற்பூரம் மட்டும் கொளுத்த வேண்டாம், ஒட்சிசன் உள்ள இடம்.