தப்பித்துக்கொண்டே இருக்கும் பூமி

இந்த வாரமும் பூமி தப்பித்துவிட்டது. ‘பூமியை நோக்கிப் பாய்ந்து வரும் ராட்சத விண்கல்: நாசா எச்சரிக்கை’ என்ற தலைப்பைப் பார்க்காத வாசகர் இருக்க முடியாது. உள்ளே போய்ப் படித்தால், அந்தக் கல் நிலாவைவிடப் பல மடங்கு தொலைவில் கடந்துபோகப் போகிறது என்பது கடைசிப் பத்தியில் இருக்கும். சில செய்திகளில் அதுவும் இருக்காது.

வேடிக்கை என்னவென்றால், இதில் பொய் என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. ‘அபாயம் விளைவிக்கக்கூடிய சிறுகோள்’ என்ற வகைப்பாடு நிஜமாகவே இருக்கிறது. கல்லின் அகலம் சுமார் 140 மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். அதன் பாதை பூமியின் பாதைக்கு 75 லட்சம் கிலோமீட்டருக்குள் வர வேண்டும். இந்த இரண்டும் பொருந்தினால் பட்டியலில் பெயர் ஏறிவிடும். 75 லட்சம் கி.மீ. என்பது நிலாவின் தொலைவைப் போல ஏறத்தாழ 20 மடங்கு. நூறு வருடம் கழித்துப் பாதை கொஞ்சம் மாறினால் என்ன ஆகும் என்று கவலைப்படும் வானியலாளருக்கு அது நெருக்கம். நாளைக் காலை வேலைக்குப் போகவேண்டியவருக்கு அது ஒன்றுமே இல்லை.

விண்வெளிச் செய்திகளின் பிழைகளில் பல இப்படிப் பிறப்பவைதான். எண் சரியாக இருக்கும். அதோடு ஒட்டி வரவேண்டிய நிபந்தனை வழியில் எங்கோ உதிர்ந்திருக்கும்.

செவ்வாய் நிலாவான கதை

2003 ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் பூமிக்கு 5 கோடியே 57 லட்சம் கி.மீ. தொலைவுக்கு வந்தது. ஏறக்குறைய 60,000 ஆண்டுகளில் அதுதான் மிக நெருங்கிய வருகை. அப்போது மின்னஞ்சலில் சுற்றிய குறிப்பு ஒன்று, 75 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கியில் பார்த்தால், வெறும் கண்ணுக்கு முழுநிலா தெரியும் அளவுக்குச் செவ்வாய் தெரியும் என்றது. கணக்கு சரிதான். ஆனால் கை மாற மாறத் தொலைநோக்கி காணாமல் போனது. பிறகு ஆண்டும் காணாமல் போனது. மிஞ்சியது, ‘ஆகஸ்ட் 27 இரவு வானில் இரண்டு நிலா’. பின்னாளில் ஆகஸ்ட் வந்தாலே இது வாட்ஸ்அப்பில் உயிர்பெற்றது. சில செய்தித் தளங்களும் எடுத்துப் போட்டன.

இதைச் சரிபார்க்கப் பள்ளிக் கணக்கு போதும். செவ்வாயின் விட்டம் நிலாவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆகவே அது நிலா அளவுக்குத் தெரிய வேண்டுமானால், நிலாவைப் போல இரண்டு மடங்கு தொலைவில், அதாவது ஏழரை லட்சம் கி.மீ. தொலைவில் நிற்க வேண்டும். 2003இல் அது நின்றது அதைப் போல 70 மடங்குக்கு மேலான தொலைவில்.

பாரதி நிலையமும் விக்ரமும்

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3இன் விக்ரம் தரையிறங்கியதும், ‘நிலவின் தென் துருவத்தில் இந்தியா’ என்று எல்லா ஊடகங்களும் எழுதின. விக்ரம் இறங்கிய இடம் தெற்கு அட்சரேகை 69.37 டிகிரி. துருவம் 90 டிகிரி. நிலவில் ஒரு டிகிரிக்குச் சுமார் 30 கி.மீ. என்று போட்டால், இடைவெளி 600 கி.மீ.க்கு மேல்.

பூமியில் இதே அட்சரேகையில் நமக்கு ஓர் இடம் இருக்கிறது. அண்டார்க்டிகாவின் கடற்கரையில் உள்ள இந்தியாவின் பாரதி ஆய்வு நிலையமும் தெற்கே 69.4 டிகிரியில்தான் நிற்கிறது. அது தென் துருவத்தில் இருப்பதாக யாரும் எழுதுவதில்லை.

இதனால் சாதனை ஒரு துளியும் குறையாது. அதற்கு முன் இறங்கிய கலங்களில் மிகத் தெற்கே போயிருந்த சீனாவின் சாங்’இ-4, 45 டிகிரியில்தான் இறங்கியது. ‘அதுவரை யாரும் இறங்காத அளவு தெற்கே’ என்று எழுதியிருந்தாலே பெருமைக்குக் குறைவில்லை. ‘துருவம்’ என்று எழுதியதால், நிரந்தர இருள் சூழ்ந்த பள்ளங்களில் இருக்கும் பனிக்கட்டியைப் பிரக்யான் ஊர்தி தோண்டி எடுக்கும் என்று வாசகர்கள் காத்திருந்தார்கள். அது கந்தகத்தை உறுதிசெய்தபோது, அந்த நல்ல கண்டுபிடிப்பு ஏமாற்றம் போலத் தெரிந்தது.

சூரியனை ஆராயும் இந்தியக் கலமான ஆதித்யா-எல்1 விஷயத்திலும் இதேதான். ‘சூரியனை நெருங்கியது’ என்றார்கள். அது நிற்கும் எல்1 புள்ளி பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ.; சூரியன் 15 கோடி கி.மீ. பயணத்தில் நூற்றில் ஒரு பங்குதான் முடிந்திருக்கிறது. அந்த இடத்தின் மதிப்பு நெருக்கத்தில் இல்லை. பூமியோ நிலாவோ குறுக்கே வராமல் சூரியனை இடைவிடாது பார்க்க முடிவதில் இருக்கிறது.

ஏறி இறங்கிய சதவீதம்

நிபந்தனை உதிர்வது ஒரு வகை. முதலில் கிடைத்த எண்ணை முடிவான எண்ணாக எடுத்துக்கொள்வது இன்னொரு வகை. இது இன்னும் தந்திரமானது.

2024 டிசம்பர் 27 அன்று சிலியில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி ஒரு சிறுகோளைக் கண்டது. பெயர் 2024 ஒய்ஆர்4. அது 2032 டிசம்பர் 22 அன்று பூமியில் மோத 1 சதவீத வாய்ப்பு என்று ஜனவரி இறுதியில் செய்தி வந்தது. பிறகு 2 சதவீதம். 2025 பிப்ரவரி 18 அன்று 3.1 சதவீதம். ஒவ்வொரு உயர்வுக்கும் ஒரு தலைப்பு: ‘ஆபத்து அதிகரிக்கிறது’. அடுத்த ஒரே வாரத்தில் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே போய்விட்டது. விஞ்ஞானிகள் கணக்கில் கோட்டை விட்டுவிட்டார்கள் என்றுதான் பலர் நினைத்தார்கள்.

கணக்கு ஒழுங்காகவே நடந்தது. பத்து அறை வீட்டில் சாவி தொலைந்துவிட்டது என்று வையுங்கள். அது சமையலறையில் இருக்க வாய்ப்பு 10 சதவீதம். ஐந்து அறைகளைத் தேடிக் கிடைக்கவில்லை என்றால் சமையலறையின் வாய்ப்பு 20 சதவீதம் ஆகிறது. எட்டு அறைகளைத் தேடிவிட்டால் 50 சதவீதம். சாவி நகரவே இல்லை. தேடவேண்டிய இடம்தான் குறைந்தது. கடைசியில் சமையலறையைத் திறந்து பார்த்தால், அங்கேயும் இல்லாமல் போகலாம். வாய்ப்பு அந்தக் கணமே பூஜ்யம்.

ஒய்ஆர்4 எங்கே இருக்கக்கூடும் என்ற பகுதி தொடக்கத்தில் மிக நீண்டிருந்தது. பூமி அதற்குள் ஒரு புள்ளி. ஒவ்வோர் இரவும் புதிய அளவீடு சேரச் சேர அந்தப் பகுதி சுருங்கியது. பூமி இன்னும் அதற்குள் இருந்தவரை சதவீதம் ஏறியது. வெளியே விழுந்ததும் சரிந்தது. வாய்ப்பு முதலில் ஏறக்கூடும், பிறகு பூஜ்யத்தை நோக்கி விழவே வாய்ப்பு அதிகம் என்று வானியலாளர்கள் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார்கள். அந்த வரிக்குத் தலைப்பில் இடம் கிடைக்கவில்லை.

இந்தப் பாடம் புதிதும் அல்ல. 1998 மார்ச் 11 அன்று, 1997 எக்ஸ்எஃப்11 என்ற சிறுகோள் 2028 அக்டோபரில் பூமிக்குச் சுமார் 50,000 கி.மீ. தொலைவில் வரக்கூடும் என்று வானியலாளர்களின் அறிவிப்பு வெளியானது. உலகெங்கும் அது தலைப்புச் செய்தி. மறுநாளே 1990இல் எடுத்த பழைய படங்களில் அதே கல் கண்டுபிடிக்கப்பட்டது. பாதையைத் திருத்திக் கணக்கிட்டதும் தொலைவு ஒன்பதரை லட்சம் கி.மீ. ஆனது. ஆபத்தை 0 முதல் 10 வரை மதிப்பிட்டு மக்களுக்குச் சொல்லும் டொரினோ அளவுகோல் அடுத்த ஆண்டே ஏற்கப்பட்டதற்கு இப்படிப்பட்ட குழப்பங்களும் காரணம்.

வாணியம்பாடிக் குழி

2016 பிப்ரவரி 6. வாணியம்பாடிக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் பெரிய வெடிச் சத்தம். பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்தார், மூவர் காயமடைந்தார்கள். கண்ணாடிகள் நொறுங்கின, தரையில் ஒரு குழி. மறுநாள் முதலமைச்சர் ஜெயலலிதா வெளியிட்ட அறிக்கை விண்கல் விழுந்ததாகவே சொன்னது. ‘விண்கல் தாக்கி இறந்த முதல் மனிதர்’ என்று செய்தி உலகம் சுற்றியது. இணையத்தில் வந்த படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், இது தரையில் நடந்த வெடிப்பைப் போலத்தான் தெரிகிறது என்றார்கள்.

அவர்கள் ஏன் அப்படிச் சொன்னார்கள்? கையில் அடங்கும் அளவுள்ள கல் வளிமண்டலத்தில் நுழைந்தால், தரைக்குப் பல கிலோமீட்டர் உயரத்திலேயே தன் அசுர வேகத்தை இழந்துவிடும். மிச்சத் தூரம் மணிக்குச் சில நூறு கி.மீ. வேகத்தில் சாதாரணக் கல்லாக விழும். ஆளின் தலையில் விழுந்தால் உயிர் போகும். ஆனால் அது வெடிக்காது, சுற்றிலும் உள்ள கண்ணாடிகளை உடைக்காது. கண்ணாடிகள் உடைய வேண்டுமானால் 2013இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானில் வெடித்தது போன்ற சுமார் 20 மீட்டர் பாறை வேண்டும். அங்கே ஏறத்தாழ 1,500 பேர் காயமடைந்தார்கள். சூரியனைப் போல் ஒளிர்ந்த தீப்பிழம்பை நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலும் பார்த்தார்கள், கார் கேமராக்களில் பதிவானது. வாணியம்பாடியில் அப்படி ஒரு தீப்பிழம்பை எத்தனை மாவட்டங்கள் பார்த்தன? அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமலேயே செய்தி அச்சேறியது.

அங்கிருந்து ஜவ்வாது மலையேறினால் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. ஒரு தொலைபேசி அழைப்பில் இவ்வளவும் தெரிந்திருக்கும். சர்வதேச விண்கல் பட்டியலில் அப்படியொரு கல் இன்றுவரை இடம்பெறவில்லை. ஆனால் ‘விண்கல்லால் இறந்தவர்’ என்ற செய்தி மட்டும் பொது அறிவுத் துணுக்குகளில் உயிரோடு இருக்கிறது.

திருத்தம் எங்கே?

வெற்றிடத்தில் ராக்கெட் இயங்காது, பள்ளிப் பாடம்கூடத் தெரியாதவர் என்று ராக்கெட் முன்னோடி ராபர்ட் கோடார்டை 1920 ஜனவரியில் தலையங்கத்தில் கேலி செய்தது நியூயார்க் டைம்ஸ். அந்தப் பத்திரிகை தவற்றுக்கு வருந்துவதாக அச்சிட்டது 1969 ஜூலை 17 அன்று. அப்பல்லோ-11 நிலாவை நோக்கிப் புறப்பட்ட மறுநாள். கோடார்ட் இறந்து அப்போது ஏறத்தாழ 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. தாமதம் என்றாலும் அவர்கள் திருத்தினார்கள். நம் ஊடகங்கள் ‘ஆபத்து’ என்று எட்டுப் பத்தித் தலைப்பு போட்டால், ‘ஆபத்து நீங்கியது’ என்பதையும் கண்ணில் படும் இடத்தில் போட வேண்டும். செய்தியாளருக்கு அறிவியல் பட்டம் தேவையில்லை. இந்த எண் எதோடு ஒப்பிட்டு, எத்தனை இரவுப் பதிவுகளை வைத்து, யார் சொன்னது என்று கேட்டாலே பாதிப் பிழை ஒழியும். வாசகரும் அதையே கேட்கலாம்.

அடுத்த சோதனைக்குத் தேதி குறித்தாகிவிட்டது. அப்போஃபிஸ் என்ற சிறுகோள் 2029 ஏப்ரல் 14 அதிகாலை, இந்திய நேரப்படி மூன்றேகால் மணி அளவில், பூமியின் தரையிலிருந்து சுமார் 32,000 கி.மீ. தொலைவில் கடந்துபோகும். நம் தொலைக்காட்சி ஒளிபரப்புக்கான செயற்கைக்கோள்கள் சுற்றும் உயரத்தைவிடவே கிட்டத்தில். அன்று சித்திரை 1. அந்த வாரத் தலைப்புகள் எப்படி இருக்கும் என்று இப்போதே ஊகிக்கலாம். ஆகவே இப்போதே சொல்லிவிடுவோம்: அது மோதாது. ராடார் அளவீடுகளின்படி அடுத்த நூறு ஆண்டுகளுக்கும் அதனால் ஆபத்து இல்லை.