மாறுபாடு அதிகம், ஆரோக்கியம் அல்ல

நல்ல இதயம் கடிகாரம் போல ஒரே சீராகத் துடிப்பதில்லை. மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்றே விரைகிறது, விடும்போது தணிகிறது. வலது மேலறையில் துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணுவை வேகஸ் நரம்பு ஓயாமல் இழுத்துப் பிடித்து விடுவதுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம். அடுத்தடுத்த துடிப்புகளுக்கு இடையிலான நேரம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதே இதயத் துடிப்பு மாறுபாடு. மாரடைப்பிலிருந்து மீண்ட 808 பேரைப் பற்றி 1987-இல் வெளியான ஆய்வில், 24 மணி நேரப் பதிவில் இந்த அளவு 50 மில்லிநொடிக்குக் கீழே இருந்தவர்களின் இறப்பு அபாயம், 100-க்கு மேல் இருந்தவர்களைவிட ஏறத்தாழ 5 மடங்கு. அதிகம் என்றால் நல்லது என்ற எண்ணத்துக்கு இத்தகைய ஆய்வுகள் வலுச் சேர்த்தன.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் தாளக் கோளாறு வந்தவரிடம் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே துடிப்பைத் தொடங்குவது சைனஸ் கணுவே அல்ல. மேலறைகளில் நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை மின்னலைகள் தாறுமாறாக எழ, நடுவிலுள்ள ஏவி கணு அவற்றில் சிலவற்றை மட்டும் கீழறைக்கு விடுகிறது. நலமானவரின் இடைவெளிகள் 980, 1020, 1040, 990 மில்லிநொடி என்றும், நோயாளியுடையவை 540, 910, 620, 1130 என்றும் வைத்துக்கொள்வோம். அடுத்தடுத்த வேறுபாடுகளை வர்க்கமாக்கிச் சராசரி எடுத்து வர்க்கமூலம் காணும் வழக்கமான சூத்திரப்படி முன்னவருக்கு 39, பின்னவருக்கு 400! எண்ணை மட்டும் பார்த்தால் நோயாளிதான் பயில்வான்.

ஏவி கணுவையும் வேகஸ் நரம்புதானே ஆள்கிறது, பிறகு எப்படி அந்த எண் அர்த்தமற்றதாகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நிரந்தர ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களிடம் ஒழுங்கின்மை குறைவது மோசமான விளைவுகளோடு சேர்ந்து வருவதைச் சில ஆய்வுகள் கண்டுள்ளன. ஆக, அது வெற்று இரைச்சல் இல்லை. ஆனால் அந்த அளவுகோல் வேறு. சைனஸ் துடிப்புக்கு வகுத்த அட்டவணையை இங்கே கொண்டுவந்து பொருத்த முடியாது. நோய் வந்து வந்து போகிறவர்களிடம், இயல்பான துடிப்பு ஓடும் நேரத்தில் அளந்தால் கணக்கு பொருந்தும். அப்போதும் முந்திக்கொண்டு வரும் ஓரிரு துடிப்புகளை நீக்காவிட்டால் எண் வீங்கிவிடும்.

இதே ஒழுங்கின்மையைத்தான் ஸ்மார்ட் வாட்ச் எச்சரிக்கைக்குப் பயன்படுத்துகிறது. 2019-இல் வெளியான ஆப்பிள் ஆய்வில் 4,19,297 பேரில் 0.52 சதவீதத்தினருக்கு எச்சரிக்கை வந்தது. அவர்களில் இசிஜி ஒட்டுப்பட்டை அணிந்து திருப்பித் தந்தவர்களில் 34 சதவீதத்தினரிடம் மட்டுமே நோய் பதிவானது. விட்டுவிட்டு வரும் நோய், பட்டையை அணிந்த நாட்களில் தலைகாட்டாமலும் இருந்திருக்கலாம். எப்படியாயினும், மாறுபாட்டு எண் திடீரென எகிறி, மணிக்கட்டு நாடியும் தாளம் தப்பினால், மகிழாமல் இசிஜி எடுப்பதே சரி: ஃபிப்ரிலேஷன் பக்கவாத அபாயத்தை ஏறக்குறைய 5 மடங்காக்குகிறது.