பொதியின் அளவும் பாதையின் அளவும்



மேகக் கணிமை என்னும் ஏற்பாட்டில் வாடகைக்குப் பெற்ற சேவையகக் கணினி ஒன்றைத் தொலைவிலிருந்து அழைக்கிறோம். பதில் வருகிறது. கடவுச்சொல்லைக் கேட்கிறது, கொடுத்தால் ஏற்றுக்கொள்கிறது. ஆனால், பெரிய கோப்பு ஒன்றைக் கேட்டவுடன் எல்லாம் அசைவற்று நின்றுவிடுகிறது. கம்பி அறுபடவில்லை, கணினியும் பழுதுபடவில்லை. சிறியது வருகிறது, பெரியது வரவில்லை. இதற்குக் காரணம் யாது?

கணினிகள் செய்தியை ஒரே மூச்சில் அனுப்புவதில்லை. சிறு சிறு பொதிகளாகக் கட்டி அனுப்புகின்றன. ஒரு பொதி எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்னும் வரம்பை எம்.டி.யு. என்பர். ஈதர்நெட் வலையில் நெடுங்காலமாக வழங்கிவரும் வரம்பு 1500 பைட்டு. அதில் முகவரி முதலிய தலைப்புகளுக்கு 40 பைட்டு போக, சரக்குக்கு எஞ்சுவது 1460.

பொதி பெரிதானால் ஊதியம் உண்டு. அமேசான் நிறுவனத்தின் மேக வலையினுள்ளே 9001 பைட்டு வரை அனுப்பலாம். பத்து லட்சம் பைட்டு உள்ள கோப்புக்கு 1500 அளவில் 685 பொதிகள் வேண்டும். 9001 அளவிலோ 112 போதும். கணினியின் உழைப்பும் அவ்வளவுக்குக் குறைகிறது. ஆனால், அதே பொதி இணையத்துக்கு வெளியேறும் வாயிலில் வரம்பு 1500தான். கூகுளின் மேக வலையில், நாம் வேறு எண் குறிக்காவிடில், 1460. வேண்டுமானால் 1300 முதல் 8896 வரை அமைத்துக்கொள்ளலாம். ஆகவே, எல்லா இடத்துக்கும் பொருந்தும் எண் ஒன்று இல்லை.

தொடர்பு தொடங்கும்போது இரு முனைக் கணினிகளும் தத்தம் அளவைச் சொல்லிக்கொள்கின்றன, சிறியதையே கைக்கொள்கின்றன. ஆனால், நடுவழியை யார் கேட்டார்? வி.பி.என். எனப்படும் மறைவழி இடையில் இருந்தால், அது ஒவ்வொரு பொதியின்மேலும் தன் உறை ஒன்றைப் போர்த்துகிறது. உறைக்குச் சென்றது போகச் சரக்குக்கு இடம் குறைகிறது. இருபுறமும் அகன்ற சாலை. நடுவே குறுகிய பாலம்! இதுதான் நிலைமை.

இதற்கும் வழி வகுத்திருக்கிறார்கள். 1990இல் வெளியான முறைப்படி, அனுப்புவோர் பொதியின்மேல் ‘பிரிக்கலாகாது’ என்று குறித்து விடுகின்றனர். குறுகிய இடத்திலுள்ள ரவுட்டர் அதனைக் கைவிட்டு, ‘இங்கே இவ்வளவுதான் செல்லும்’ என்று ஐ.சி.எம்.பி. வகையைச் சேர்ந்த சிறு அறிவிப்பைத் திருப்பி அனுப்புகிறது. அனுப்பியவர் அளவைக் குறைத்து மீண்டும் அனுப்புகிறார்.

இங்கேதான் இடர் நுழைகிறது. பாதுகாப்பு மிகவேண்டும் என்னும் ஆர்வத்தால் சிலர், ஃபயர்வாலில் ஐ.சி.எம்.பி. முழுவதையும் தடுத்துவிடுகின்றனர். அறிவிப்பு வந்து சேர்வதில்லை. அனுப்பிய கணினி அதே பெரும்பொதியை மீண்டும் மீண்டும் அனுப்புகிறது. அது மீண்டும் மீண்டும் மறைகிறது. நாம் முதலில் கண்ட அசைவற்ற நிலை இதுவே.

ஆதலின் செய்யத்தக்கவை நான்கு. முதலாவது, அளந்து பாருங்கள். பிங் கட்டளையில் பிரிக்கலாகாது என்று குறித்து, 1472 பைட்டுச் சரக்கை அனுப்புங்கள். தலைப்பு 28 சேர, 1500 ஆகும். அது செல்லாவிடில் படிப்படியாகக் குறைத்து, செல்லும் அளவைக் காணுங்கள். இரண்டாவது, ஒரே உள்வலையில் உள்ள கணினிகளுக்கெல்லாம் ஒரே அளவை அமையுங்கள். மூன்றாவது, மறைவழி இருப்பின் அதன் உறைக்கு இடம் விட்டு அளவைக் குறையுங்கள். நான்காவது, அந்தச் சிறு அறிவிப்புக்கு வழிவிடுங்கள். ஐ.பி.வி.6 முறையில் இடைவழி ரவுட்டர்கள் பொதியைப் பிரிப்பதே இல்லையாதலின், அங்கே இது இன்னும் இன்றியமையாதது. அறிவிப்பை நம்பாமல், அனுப்பிப் பார்த்தே அளவறியும் முறை ஒன்று 2007இல் வெளியாயிற்று. லினக்ஸில் அதனையும் இயக்கிக்கொள்ளலாம்.

பெரிய பொதி நல்லதுதான். பாதை தாங்கும் அளவுக்கே நல்லது. அந்த அளவை நமக்குச் சொல்ல வருகின்ற தூதனை வாயிலிலேயே தடுத்துவிட்டு, வழியின்மீது குறை கூறுவதில் பயன் இல்லை.