மரத்தில் செதுக்கிய விமானம்

இரண்டாம் உலகப் போரில் விமான எதிர்ப்புப் பீரங்கி வீரர்க்குப் பெரியதோர் இடர்ப்பாடு இருந்தது. தொலைவில் தோன்றும் விமானம் நட்போ பகையோ என்பதை அவர்கள் கணப்பொழுதில் துணிதல் வேண்டும். நட்பைப் பகையெனக் கொள்ளின், தம்மவரையே சுட்டு வீழ்த்த நேரும். பகையை நட்பெனக் கொள்ளின், தம் உயிர்க்கே இறுதியாகும். விமானங்களை உருவத்தால் அறியும் பயிற்சிக்கென, 1942ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படை 5 இலட்சம் மாதிரி விமானங்களை வேண்டிற்று. வேண்டியது தொழிற்சாலைகளை அன்று, பள்ளி மாணவரை!

மாதிரிகள் யாவும் உண்மை விமானத்தில் 72இல் ஒரு பங்கு அளவின. அஃதாவது, ஆறடி ஓரங்குலமாகும். இன்றும் மாதிரி செய்வோர் பலர் கைக்கொள்ளும் அளவு இதுவே. 36 அடி 10 அங்குலச் சிறகு விரிவுடைய ஆங்கிலப் போர் விமானமாகிய ஸ்பிட்ஃபயர், இவ்வளவில் ஆறங்குலத்திற்குச் சற்றே மிகும். மாணவர் மரத்தைச் செதுக்கி, உப்புத்தாளால் தேய்த்து, அட்டையில் வெட்டிய அளவச்சைப் பலகாலும் பொருத்திப் பார்த்தனர். ஸ்பிட்ஃபயரின் சிறகு நீள்வட்ட வடிவினது. அவ்வளைவு சிறிது நேராயினும் அது வேறொரு விமானமாகத் தோன்றிவிடும். ஆதலின், அளவு பிழைத்தவை தள்ளப்பட்டன.

வண்ணமோ கருமை ஒன்றே. வானத்து விமானம் தொலைவில் நிழலுருவாகவே தோன்றுதலின், அழகிய வண்ணத்தால் அங்குப் பயனில்லை. 35 அடித் தொலைவில் வைத்த மாதிரி, ஏறத்தாழ அரைமைல் தொலைவில் பறக்கும் விமானம் போலக் காணப்படும். பயில்வோர் அதனை நோக்கி நொடிப்பொழுதில் பெயர் கூறப் பழகினர்.