நதியில் போகலாம், கரையில் இறக்கலாகாது

ஏப்ரல் 30 நெருங்குவதையொட்டி, அமெரிக்கா 1803-ல் அதே தேதியில் லூயிஸியானாவை வாங்கியது பற்றி ஒரு சிறு குறிப்பு வெளியிட்டோம். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே வினாவைத்தான் எழுப்புகின்றன: மிஸிஸிபியில் படகு செலுத்தும் பாத்தியதையை ஸ்பெயின் 1795-லேயே எழுதிக் கொடுத்துவிட்டிருக்க, அமெரிக்கர்கள் நியூ ஆர்லியன்ஸையும் கேட்டதேன்? இதழ் அச்சேறுமுன் விடை தரவேண்டியிருப்பதால், நெப்போலியன் யார், ஜெபர்சன் யார் என்று தொடங்காமல் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பலாச்சியன் மலைகளுக்கு மேற்கே, கென்டக்கியிலும் ஒஹையோவிலும் குடியேறியிருந்த விவசாயிகள், தங்கள் மாவையும் புகையிலையையும் உப்பிட்ட பன்றியிறைச்சியையும் மலை தாண்டிக் கீழைக் கடற்கரைக்கு அனுப்புவதானால் வண்டிச் சத்தமே சரக்கின் விலையை விழுங்கிவிடுமாதலால், தட்டையடி மரப்படகுகளில் ஏற்றி, மிஸிஸிபி நீரோட்டத்தின் போக்கிலேயே, அதன் முகத்துவாரத்தருகே ஸ்பெயின் வசமிருந்த நியூ ஆர்லியன்ஸுக்குக் கொண்டுவந்தார்கள். எதிரோட்டத்தில் திரும்ப அப்படகுகளுக்குச் சக்தியில்லை. ஊர் சேர்ந்ததும் பிரித்து மரமாக விற்றுவிடுவார்கள். கடலுக்கும் அவை உதவா. ஆகையால், படகு வந்து சேர்வதற்கும் கப்பல் கிடைப்பதற்கும் இடைப்பட்ட காலத்தில் சரக்கைக் கரையிறக்கிக் கிடங்கில் வைத்து, சுங்கத் தீர்வை கொடாமல் மறுபடி ஏற்றுமதி செய்ய ஓர் அனுமதி தேவைப்பட்டது. 1795 உடன்படிக்கை இவ்வனுமதியை மூன்றே ஆண்டுகளுக்கு அளித்தது; அதன்பின் ஸ்பெயின் மன்னர் அதை நீட்டிக்கவேண்டும், அல்லது மிஸிஸிபிக் கரையில் வேறோர் இடத்தைக் காட்டவேண்டும் என்பது ஷரத்து.

1802 அக்டோபரில், அவ்வூரிலிருந்த ஸ்பானிய வருவாய் அதிகாரி ஹுவான் வெந்தூரா மொராலெஸ், மூன்றாண்டுக் கெடு கடந்துவிட்டதென்று காட்டி அனுமதியை ரத்துச் செய்தார். மாற்றிடம் எதையும் காட்டவில்லை. நதியில் செல்லும் உரிமையை அவர் தொடவேயில்லை என்பதுதான் இதிலுள்ள சாமர்த்தியம். வண்டிப்பாதைக்குப் பத்திரம் வைத்திருந்தும் களத்துமேட்டை அயலானிடம் விட்டுவிட்ட குடியானவனின் கதியாயிற்று மேற்குப் பிரதேசத்தாருக்கு. தேசத்தின் எட்டில் மூன்று பங்கு நிலத்தின் விளைபொருள் சந்தைக்குப் போக இவ்வூரைத் தாண்டியாகவேண்டும் என்று, அவ்வாண்டு ஏப்ரலிலேயே ஜனாதிபதி ஜெபர்சன் பாரிஸிலிருந்த தம் தூதர் லிவிங்ஸ்டனுக்கு எழுதியிருந்தார்.

அதிகாரி தம் சொந்தப் பொறுப்பிலேயே இதைச் செய்தார் என்று அன்று சொல்லப்பட்டது. உள்ளூர் ஸ்பானிய கவர்னரே ஆக்ஷேபித்ததால் பலர் நம்பவும் செய்தார்கள். பிற்காலத்தில் ஆவணங்களைத் துருவியவர்கள் கண்டது மாட்ரிட் அனுப்பிய ரகசியக் கட்டளையை. சர்க்கார்கள் தம் ஊழியரின் தன்னிச்சையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த மொராலெஸ் என் நினைவுக்கு வருகிறார். போதாக்குறைக்கு, 1800-ல் ரகசியமாகச் செய்துகொண்ட ஒப்பந்தப்படி லூயிஸியானா முழுவதும் பிரான்ஸுக்குத் திரும்பவிருந்தது. பலவீனமான ஸ்பெயினிடம் இரவல் அனுமதி பெற்றுக் காலந்தள்ளியவர்கள், இனி நெப்போலியனிடம் கையேந்த வேண்டும்.

ஆகவே ஊரையே விலைக்கு வாங்க ஜெபர்சன் தீர்மானித்தார். விசேஷத் தூதராக மன்றோவை அனுப்பியது நியூ ஆர்லியன்ஸுக்கும் புளோரிடாக்களுக்குமாகத்தான். ஆனால் ஹெய்ட்டியில் அடிமைகளாயிருந்தோரின் எழுச்சியும் மஞ்சள் காய்ச்சலும் பிரெஞ்சுப் படையை அழித்துவிட, பிரிட்டனோடு யுத்தமும் நெருங்கிவர, 1803 ஏப்ரல் 11 அன்று பிரெஞ்சு வெளிவிவகார மந்திரி தாலேரான், முழுப் பிரதேசத்துக்கும் என்ன தருவீர்கள் என்று லிவிங்ஸ்டனைக் கேட்டார். பேரம் ஒன்றரைக் கோடி டாலரில் முடிந்தது.

மற்ற வினாக்களுக்குச் சுருக்கமாக:

நிலம் வாங்க அமெரிக்க அரசியல் சட்டம் இடங்கொடுத்ததா? ஜெபர்சனுக்கே ஐயம், உடன்படிக்கைக்கு ஒப்புதல் தரவேண்டிய ஆறு மாதக் கெடுவுக்குள் நெப்போலியன் மனம் மாறிவிடுவாரோ என்ற பயம் அதை அடக்கிற்று, செனட்டும் 24-க்கு 7 என்று ஏற்றது.

பணம்? பெரும்பகுதி ஆறு சத வட்டிப் பத்திரங்கள். பிரிட்டனோடு போரிட்ட நெப்போலியனுக்கு அவற்றைக் காசாக்கித் தந்தவர்களில் லண்டனின் பேரிங் நிறுவனமும் ஒன்று.

அங்கே வாழ்ந்த ஓசேஜ், சூ முதலிய பூர்வகுடிகள்? ஒருவரும் கேட்கவில்லை, விலை கொடுத்துப் பெற்றது, அவர்களுடைய நிலத்தை மற்ற வல்லரசுகளுக்கு முந்திக் கைக்கொள்ளும் பாத்தியதை மாத்திரமே.

பிரான்ஸ் விற்கலாமா? மூன்றாமவருக்குக் கொடுப்பதில்லை என்று ஸ்பெயினுக்கு வாக்களித்திருந்தது.

கிடங்கு திரும்பத் திறந்ததா? 1803 மார்ச்சிலேயே ஸ்பெயின் மன்னர் உத்தரவிட்டார். அது மே மாதத்தில் நியூ ஆர்லியன்ஸில் அமலுக்கு வந்தபோது, பாரிஸில் விற்பனை உடன்படிக்கை கையெழுத்தாகிவிட்டிருந்தது.