புஷ் கழற்ற உளி எடுக்காதீர்!

மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. வாய்க்காலில் தண்ணீர் வந்து சேற்றுழவு தொடங்கிவிட்டால் டிராக்டருக்கு ஓய்வு கிடையாது. சொந்த நிலம் இரண்டு மூன்று ஏக்கர்தான் என்றாலும், பழைய டிராக்டர் ஒன்றை வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்தாருக்கு வாடகைக்கு உழுது கொடுக்கும் விவசாயிகள் காவிரிப் பாசனப் பகுதியில் உண்டு. டிராக்டர் சம்பாதித்துக் கொடுப்பதில் பெரும் பங்கு அந்தச் சில வாரங்களில்தான் வர வேண்டும். அந்த நேரம் பார்த்து முன் சக்கரம் ஆடத் தொடங்கும். ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். டிரெய்லரை மாட்டிக்கொண்டு ரோட்டில் ஏறினால் கைக்கு அடங்காது.

பட்டறைக்குக் கொண்டுபோனால், முன் ஆக்சிலில் புஷ் தேய்ந்துவிட்டது என்பார்கள். புதுப் புஷ் வாங்கிப் போட்டால் தீர்ந்தது. உண்மையில் இது அரை நாள் வேலைதான். ஆனால் பல இடங்களில் இந்த அரை நாள் வேலை ஒரு வார வேலையாக மாறிவிடுகிறது. அதற்குக் காரணம் தேய்ந்த புஷ் அல்ல; அதைக் கழற்றிய விதம்.

இறுகிப்போன பழைய புஷ்ஷை எடுக்க உளியையும் சம்மட்டியையும் எடுப்பது வழக்கமாகிவிட்டது. பத்து நிமிஷம் அடித்தால் புஷ் துண்டு துண்டாக உடைந்து வெளியே வந்துவிடும். வேலை சுருக்காக முடிந்தது போலத் தோன்றும். ஆனால் புஷ் உட்கார்ந்திருந்த துளையை டார்ச் அடித்துப் பார்த்தால், உளி பட்ட இடமெல்லாம் கோடு கோடாகக் காயம் தெரியும். சில சமயம் துளையின் வாயே பிதுங்கியிருக்கும். இந்தத் துளையில் புதுப் புஷ் ஒழுங்காக உட்காராது.

புஷ் என்பது வேறொன்றுமில்லை. சுழலும் அல்லது ஆடும் தண்டுக்கும், அதைத் தாங்கும் கனமான இரும்பு உறுப்புக்கும் நடுவே இருக்கும் சிறு குழல். வெண்கலத்திலோ கன்மெட்டலிலோ செய்யப்பட்டிருக்கும்; உலோகத் தகட்டைச் சுருட்டி உள்ளே மெத்தான உலோகப் பூச்சு கொடுத்த வகையும் உண்டு. தேய வேண்டியது அதுதான். விலை அதிகமான ஆக்சிலும் தண்டும் தேயாமலிருக்கவே விலை குறைந்த புஷ் நடுவில் நின்று தேய்ந்து கொடுக்கிறது.

அது தன் இடத்தை விட்டு நகராமல் இருப்பது இறுக்கத்தால் மட்டுமே. புஷ்ஷின் வெளி விட்டம் துளையின் விட்டத்தைவிட மிகச் சிறிதளவு கூடுதலாக வைக்கப்படுகிறது. ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காக்கினால் அதில் சில பங்குதான் அந்தக் கூடுதல். இவ்வளவு நுட்பமான இறுக்கத்தை உளியின் ஓர் அடி கெடுத்துவிடும். பிறகு புதுப் புஷ் கையாலேயே உள்ளே போகும். சுலபமாகப் போகிறதே என்று சந்தோஷப்பட்டால் அது தப்பு. தளர்ந்த புஷ் தண்டோடு சேர்ந்து தானும் சுற்றும். அதிலுள்ள கிரீஸ் துவாரம், ஆக்சிலில் உள்ள கிரீஸ் நிப்பிளுக்கு நேராக இருந்தது விலகிவிடும். கிரீஸ் கன்னை எவ்வளவு அழுத்தினாலும் தண்டுக்குக் கிரீஸ் போகாது. கொஞ்ச நாளில் புஷ்ஷும் போகும், தண்டும் போகும். "அண்ணே, போரே போயிடுச்சு, ஸ்லீவ் போட்டாத்தான் உண்டு" என்று மெக்கானிக் சொல்லும்போது, ஆக்சிலைக் கழற்றி டவுனில் போரிங் மெஷின் உள்ள இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும். உழவுப் பருவமோ அதற்குள் பாதி போய்விடும்.

தேய்ந்தது புஷ்தானா?

கழற்றுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. முன் ஆக்சிலுக்கு ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, கனமான மரக்கட்டையை அண்டை கொடுக்கவும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை வைக்கக் கூடாது. பின் சக்கரங்களுக்கும் கட்டை வைத்துவிட வேண்டும்.

பிறகு சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். இன்னொருவர் ஸ்டப் ஆக்சில் தண்டைக் கவனிக்கட்டும். பட்டறைகளில் இதையே கிங்பின் என்றும் சொல்வதுண்டு. சக்கரம் ஆடி, தண்டு அசையாமல் நின்றால் குற்றம் வீல் பேரிங்கில். சக்கரத்தோடு தண்டும் சேர்ந்து ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது. முன்னும் பின்னுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால், ஸ்டியரிங் ராடுகளின் பந்து மூட்டுகளைப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிஷம் போதும். பேரிங்கில் இருக்கும் கோளாறுக்குப் புஷ்ஷை மாற்றிப் பணத்தை விரயம் செய்தவர்கள் கொஞ்சமல்ல.

பல்லைக் கடித்து இழுக்கும் கருவி

அடிப்பதற்குப் பதில் இழுத்து எடுப்பதே சரியான முறை. இதற்கான கைக்கருவியைப் பட்டறைகளில் புஷ் புல்லர் என்கிறார்கள். கடையில் செட்டாகவும் கிடைக்கிறது. ஆனால் ஒரே ஒரு டிராக்டர் வைத்திருப்பவர் செட்டு வாங்க வேண்டிய அவசியமில்லை. பழைய இரும்புக் கடைச் சாமான்களும், லேத் பட்டறையில் சிறிது நேர வேலையும் போதும்.

அதில் இருப்பவை: முழு நீளத்துக்கும் மரை போட்ட தண்டு ஒன்று, அதற்குரிய நட்டுகள், புஷ்ஷைத் தள்ளும் தகடு, வெளியே வரும் புஷ்ஷை வாங்கிக்கொள்ளும் குழாய்த் துண்டு, குழாயின் வாயை மூடும் கனமான வாஷர்.

உதாரணத்துக்கு, வெளி விட்டம் 38 மில்லிமீட்டரும் உள் விட்டம் 32 மில்லிமீட்டரும் உள்ள புஷ் ஒன்றை வைத்துக்கொள்வோம். தள்ளும் தகட்டின் விட்டம் 37 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதாவது புஷ்ஷின் விளிம்பை நன்றாகக் கவ்வவும் வேண்டும், துளையின் சுவரில் உரசவும் கூடாது. புஷ்ஷை வாங்கிக்கொள்ளும் குழாய்க்கு ஒன்றரை அங்குல ஜி.ஐ. குழாயில் கனமான ரகம் பொருத்தமாக இருக்கும். அதன் உள் விட்டம் 40 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வருவதால் புஷ் தாராளமாக உள்ளே வந்துவிடும். குழாயின் நீளம் புஷ்ஷின் நீளத்தைவிட ஓர் அங்குலமாவது கூடுதலாக இருக்கட்டும். இரு முனைகளையும் லேத்தில் கொடுத்துச் சமமாகச் சீவ வேண்டும். ஆக்சா பிளேடால் அறுத்து அப்படியே வைத்தால் இழுப்பு கோணலாகி, புஷ் துளைக்குள் சாய்ந்து சிக்கிக்கொள்ளும்.

மரைத் தண்டு 16 மில்லிமீட்டர் கனமுள்ளதாக, நல்ல உருக்கில் இருக்க வேண்டும். தலையில் 8.8 என்று முத்திரையிட்ட போல்ட் ரகம் நம்பகமானது. கட்டட வேலைக்கு விற்கும் மெத்தென்ற இரும்புத் தண்டு இதற்கு ஆகாது. மரை வழித்துக்கொண்டு போய்விடும். மேலே வைக்கும் வாஷரும் 8 முதல் 10 மில்லிமீட்டர் கனம் வேண்டும். சாதாரண வாஷர் இரண்டு சுற்றிலேயே தட்டு மாதிரி குழிந்துவிடும்.

இந்தச் சின்னக் கருவிக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். 16 மில்லிமீட்டர் தண்டின் சாதாரண மரையில் நட்டை ஒரு முழுச் சுற்று சுற்றினால் தகடு நகர்வது 2 மில்லிமீட்டர் மட்டுமே. ஓர் அடி நீளமுள்ள ஸ்பானரை 20 கிலோ பலத்தில் இழுத்தால், மரையின் உராய்வில் பெரும்பகுதி வீணானாலும், மிச்சமுள்ள இழுவிசை ஒன்றரை டன்னுக்குக் குறையாது. சம்மட்டி கொடுப்பது கண நேர அடி. மரை கொடுப்பது விடாப்பிடியான, நேரான இழுப்பு. புஷ் அசைந்து கொடுத்தே தீர வேண்டும்.

மரையில் கிரீஸ் தடவ மறக்கக் கூடாது. பழைய திரஸ்ட் பேரிங் ஏதாவது கைவசம் இருந்தால் நட்டுக்கும் வாஷருக்கும் இடையில் போட்டுப் பார்க்கவும்; ஸ்பானர் பாதி லேசாகச் சுற்றும்.

மேலொன்று, கீழொன்று

ஒரே புஷ் உள்ள துளை என்றால் வேலை எளிது. தகட்டை ஒரு பக்கமும் குழாயை மறுபக்கமும் வைத்துத் தண்டை நடுவில் விட்டு நட்டை முறுக்கினால் முடிந்தது. ஆனால் பல மாடல் டிராக்டர்களில் முன் ஆக்சிலின் நுனியில், ஒரே நீளத் துளையில் மேலே ஒரு புஷ்ஷும் கீழே ஒரு புஷ்ஷும் நடுவே இடைவெளியுமாக இருக்கும். இங்கேதான் பலர் அலுத்துப்போய் உளியைத் தேடுகிறார்கள். மேல் புஷ்ஷை வெளியே இழுக்க வேண்டுமானால் தகடு அதற்கு உள்பக்கம் இருக்க வேண்டும். 37 மில்லிமீட்டர் தகடு 32 மில்லிமீட்டர் புஷ்ஷுக்குள் எப்படி நுழையும்?

வட்டத் தகட்டின் இரு பக்கங்களையும் சீவி, அகலத்தை 26 மில்லிமீட்டராகக் குறைத்துவிட்டால் நுழையும். நீளவாக்கில் அது 37 மில்லிமீட்டராகவே இருக்கும். இந்தத் தகட்டைச் செங்குத்தாக நிறுத்திப் புஷ்ஷின் வழியாக நடு இடைவெளிக்குள் இறக்கி, ஒரு கம்பியால் படுக்கவைத்துவிட வேண்டும். பிறகு, அடிமுனையில் இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கிய மரைத் தண்டைக் கீழ்ப் புஷ் வழியாக மேலே ஏற்றி, தகட்டின் துவாரத்தில் கோத்து, மேலே குழாயும் வாஷரும் வைத்து நட்டைப் போடலாம். தகட்டின் இரு நுனிகளும் புஷ்ஷின் அடி விளிம்பைக் கவ்விக்கொள்ளும். கீழே ஒரு ஸ்பானர், மேலே ஒரு ஸ்பானர். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதைச் சுற்ற வேண்டும்.

முதல் புஷ் வெளியே வந்துவிட்டால் மற்றது சுலபம். காலியான துளை வழியாக முழு வட்டத் தகடே உள்ளே போகும். துளையின் நடுப்பகுதி குறுகலாக உள்ள மாடலானால் சீவிய தகட்டையே இதற்கும் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

துருப்பிடித்து இறுகியிருந்தால் முந்தின நாள் இரவே விளிம்பில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைக்கவும். இழுப்பு ஏறிய பிறகும் அசையவில்லையென்றால் ஸ்பானரில் பைப்பை மாட்டித் தொங்கக் கூடாது. ஆக்சிலின் வெளிப்புறத்தில் சிறு சுத்தியலால் இரண்டு மூன்று தட்டு தட்டினால் பெரும்பாலும் 'டக்' என்று சத்தம் கேட்கும். அது புஷ் பிடி விட்ட சத்தம். அதற்கும் மசியாத புஷ்ஷுக்கு ஆக்சா பிளேடுதான் வழி. பிளேடைப் புஷ்ஷுக்குள் நுழைத்துச் சட்டத்தில் மாட்டி, உள்ளிருந்து நீளவாக்கில் ஒரு கோடு அறுக்கலாம். புஷ்ஷின் கனத்தில் முக்கால் பங்கு அறுத்ததும் நிறுத்திவிட வேண்டும். துளையின் சுவரில் பிளேடு பட்டால் உளிக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. இறுக்கம் தளர்ந்த புஷ் பிறகு புல்லருக்கு வந்துவிடும்.

ஒரு பக்கம் அடைபட்ட துளையில் உள்ள சிறு புஷ்ஷுக்கு இந்தக் கருவி உதவாது. அதற்குப் பழைய மெக்கானிக்குகளின் யுக்தி ஒன்று இருக்கிறது. துளை நிறைய கிரீஸை அடைத்து, புஷ்ஷுக்குள் கச்சிதமாக நுழையும் இரும்புத் தண்டை வைத்துத் தட்டினால், ஓட இடமில்லாத கிரீஸ் புஷ்ஷைப் பின்னாலிருந்து தள்ளி வெளியே கொண்டுவந்துவிடும். கிளட்ச் வேலையின்போது ஃப்ளைவீலின் நடுவில் உள்ள புஷ்ஷை இப்படித்தான் எடுக்கிறார்கள்.

ரப்பர் வைத்த புஷ்ஷை கேஸ் விளக்கால் எரித்து எடுப்பவர்களும் உண்டு. அந்தப் புகையைச் சுவாசிப்பது கெடுதல். அதையும் இதே புல்லரால், அளவுக்கேற்ற தகடு வைத்து இழுக்கலாம். டிரெய்லரின் பட்டை ஸ்பிரிங், பழைய ஜீப், சிறு லாரி எதுவானாலும் முறை ஒன்றுதான்.

புதியதைப் பொருத்தும்போது

துளையைத் துணியால் துடைத்து, பிசிறு இருந்தால் நயமான எமரித் தாளால் லேசாகத் தடவினால் போதும். தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். புதுப் புஷ்ஷையும் அதே கருவியால், இந்த முறை வெளியிலிருந்து உள்ளே இழுக்க வேண்டும். தொடங்குமுன் கிரீஸ் துவாரம் நிப்பிளுக்கு நேராக வருமாறு இரண்டிலும் பென்சில் கோடு போட்டுக்கொள்ளவும். இந்தக் கோட்டை மறந்தவர்கள் புதுப் புஷ்ஷையே திரும்பக் கழற்ற நேரிடும். ஐஸ் கட்டியில் புஷ்ஷைச் சற்று நேரம் வைத்திருந்து, ஈரம் துடைத்துப் போட்டால் கொஞ்சம் இணங்கிப் போகும்.

இறுக்கமாக உள்ளே போன புஷ்ஷின் உள் விட்டம் சிறிது சுருங்கும். தண்டு நுழையவில்லையே என்று தண்டை அரத்தால் ராவக் கூடாது. மேலும் கீழும் உள்ள இரண்டு புஷ்களையும் ஒரே நேர்கோட்டில் ரீமர் போட்டு அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இந்த வேலையை மட்டும் ரீமர் உள்ள பட்டறையில் செய்துகொள்வதே மேல். தண்டு கையால் சுற்றினால் சுற்ற வேண்டும்; பக்கவாட்டில் ஆட்டினால் ஆடக் கூடாது.

இந்த வேலைகளில் கண்ணாடி அணிய யாரும் நினைப்பதில்லை. இறுகிய உருக்கின் மேல் சம்மட்டி விழும்போது தெறிக்கும் சில்லு ஒன்று கண்ணுக்குப் போதும். புல்லரில் அந்த ஆபத்து மிகவும் குறைவு, என்றாலும் இழுப்பு ஏறிய தண்டுக்கு நேராக முகத்தை வைத்துப் பார்க்கக் கூடாது.

இனி, புஷ் ஏன் சீக்கிரம் தேய்கிறது என்று பார்த்தால், சேறுதான் முதல் காரணம். சேற்றுழவில் முன் ஆக்சில் வரை சேறு ஏறுகிறது. மண் கலந்த நீர் இடுக்கு வழியாக உள்ளே போய் அரத்தைப் போல ராவுகிறது. அந்த நாட்களில் கையேட்டில் சொன்ன மணிக்கணக்கைப் பார்க்காமல், வேலை முடிந்த ஒவ்வொரு மாலையும் கிரீஸ் கன் போட வேண்டும். கறுத்த பழைய கிரீஸ் வெளியேறி, புதிய கிரீஸின் நிறம் விளிம்பில் தெரியும்வரை அழுத்தவும். நிப்பிளின் வாயைத் துடைத்துவிட்டுப் போட வேண்டும். இல்லையேல் அதிலுள்ள மண்ணையும் சேர்த்து உள்ளே தள்ளியதாக ஆகும். கிரீஸ் ஏற மறுத்தால் நிப்பிள் அடைத்திருக்கிறது. அதைக் கழற்றி டீசலில் கழுவினால் பெரும்பாலும் சரியாகும்.

புல்லரைச் செய்துகொள்ள ஏற்ற காலம் கோடை. அப்போது லேத் பட்டறைக்காரருக்கும் நேரம் இருக்கும். போகும்போது அளவைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போவதைவிட, தம் டிராக்டருக்குரிய புதுப் புஷ் ஒன்றையே வாங்கிக் கையில் கொண்டுபோவது நல்லது. தகட்டை அதன் மேல் வைத்துப் பார்த்து, குழாய்க்குள் அதை விட்டுப் பார்த்து, அங்கேயே சரிசெய்து வாங்கிக்கொள்ளலாம்.